முதல் தடவைக்கு மரியாதை இல்லை

எட்டு மாடிக் கட்டடத்தில் எட்டாவது மாடிக்கு மேலேயும் ஓர் அறை இருக்கிறது என்பது அங்கே குடியிருப்பவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. லிஃப்டை இழுக்கிற மோட்டார் அங்கேதான் இருக்கும். குனிந்து நுழைய வேண்டிய இரும்புக் கதவு, புறா எச்சம், கிரீஸ் வாசம், நிமிர்ந்தால் நெற்றியில் இடிக்கிற உத்தரம். அந்த மாதிரி அறைகளில் இருபத்தாறு வருஷம் குனிந்தே கிடந்தவர் இந்த லிஃப்ட் மெக்கானிக். அதனாலோ என்னவோ, வெட்டவெளியில் போகும்போதும் தலையைக் கொஞ்சம் இறக்கியே நடப்பார். ரொம்பப் பணிவான மனுஷன் என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். பணிவெல்லாம் கிடையாது. மண்டை பத்திரம், அவ்வளவுதான்.

அவரோடு வேலைக்குப் போகிறவன் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. லிஃப்ட் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே மோட்டார் அறையில், இன்னொருவர் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல். நடுவில் கிணறு மாதிரி இருட்டு. அதற்குள் கத்தித்தான் பேச வேண்டும். பன்னிரண்டு வருஷம் அப்படிக் கத்திப் பழகியதில், வீட்டில் இவர்கள் உப்புக் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு வந்து நிற்பார்.

மெக்கானிக்கிடம் ஒரு சட்டம் இருந்தது. லிஃப்ட் நின்றுவிட்டது என்று யாராவது கூப்பிட்டால், மேலே போய்ப் பலகையில் என்ன பழுது எண் எரிகிறது என்று பார்ப்பார். ரீசெட் பொத்தானை அழுத்துவார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்பார்.

"முதல் தடவை வர்றதுக்கு மரியாதை குடுக்கக் கூடாது மாப்ள. கதவு இடுக்குல குச்சி மாட்டியிருக்கும், கரண்டு ஒரு தடவை கண்ணடிச்சிருக்கும். அதுக்கெல்லாம் ஸ்பேனரைத் தூக்கினா நல்லா ஓடுற லிஃப்டை நாமளே கெடுத்துடுவோம். ரெண்டாவது தடவையும் அதே எண் வந்துச்சா? அப்ப கேளு அதுகிட்ட, உனக்கு என்னடி வேணும்னு."

பத்துக்கு ஒன்பது தடவை அவர் சொன்னதுதான் சரியாக இருந்தது. அதுதான் சனியன்.

கால் விரலில் ஆறாத புண்ணைக் காட்டப் போன இடத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. சர்க்கரை ஏகத்துக்கு இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று நெஞ்சையும் பார்த்த டாக்டரம்மா சொன்னார்: "உங்களுக்கு ஏற்கெனவே ஒரு மாரடைப்பு வந்துட்டுப் போயிருக்கு."

"எப்ப மேடம்?"

"அதை நீங்கதான் சொல்லணும்."

மெக்கானிக் ரொம்ப நேரம் யோசித்தார். "போன மாசம் ஒரு நாள் ஏப்பம் வந்துச்சு," என்றார் கடைசியில்.

சர்க்கரை முற்றினவர்களுக்கு நெஞ்சு வலி தெரியாமலே போய்விடுமாம். அடைப்பு ஒன்றைத் திறந்தார்கள். இன்னொன்று எட்டாத இடத்தில் இருந்தது. அடுத்தது வந்தாலும் இவருக்குத் தெரியப்போவதில்லை என்பதால், இடது காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில், தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை வைத்துத் தைத்தார்கள். அதிலிருந்து ஒரு கம்பி இதயத்துக்குள் போயிற்று. இதயம் ஓடுகிற ஓட்டத்தை அது ராப்பகலாகப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஏதாவது கோளாறு என்றால் நெஞ்சுக்குள்ளேயே அதிரும். இடுப்பில் மாட்டிக்கொள்கிற பெட்டி ஒன்றும் கூடவே கத்தும்; அதிலுள்ள பட்டனை அமுக்கினால் சத்தம் நிற்கும். மஞ்சள் விளக்கு எரிந்தால் ஓரிரு நாளில் டாக்டரைப் பார்க்கலாம். சிவப்பு எரிந்தால் யோசிக்கவே கூடாது, உடனே ஆம்புலன்ஸ்.

"என்னையே லிஃப்ட் ஆக்கிட்டாங்க மாப்ள," என்றார் வீட்டுக்கு வந்ததும். "அலாரம் இருக்கு, கம்பி இருக்கு. கதவுதான் இல்ல."

"வாயிருக்கே மச்சான், அதுதான் கதவு. மூடவே மாட்டேங்குது."

மெக்கானிக்கின் மகள், பதின்மூன்று வயது, தினமும் காலையில் அந்தப் பெட்டியின் பேட்டரியைப் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவாள். அவள் அம்மாவோ, மச்சினனின் அக்கா, தம்பியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"நீதான் நாள் முழுக்க அவரு கூட இருக்கறவன். சிவப்பு எரிஞ்சா அவரு பேச்சைக் கேக்காதே. அப்படியே தூக்கிட்டுப் போ."

"எண்பத்திரண்டு கிலோக்கா."

"உருட்டிட்டாவது போ. விளையாடாதே. எனக்குச் சத்தியம் பண்ணு."

அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினான்.

நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மெக்கானிக் காய்ச்சலோடு படுத்திருந்தபோது பெட்டி கத்தியது. சிவப்பு. ஆம்புலன்ஸ் வந்தது. தெருவே வாசலுக்கு வந்தது. மெக்கானிக்கை ஸ்ட்ரெச்சரில் கட்டி, லுங்கியோடு, எல்லார் கண்முன்னாலும் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. காய்ச்சலில் இதயம் கன்னாபின்னாவென்று ஓடியதைக் கருவி தப்பாகப் புரிந்துகொண்டதாம்.

"நீங்க வந்ததுதான் சரி. பத்து தடவை சும்மா வந்தாலும் பரவாயில்ல, பதினொண்ணாவது தடவையும் வரணும்," என்றார் டாக்டரம்மா.

அதோடு விட்டிருக்கலாம். மச்சினன் விடவில்லை. இவனுக்கு நாக்கில் நரம்பு இருக்கிறதோ இல்லையோ, குறும்பு இருந்தது. அவர்கள் வேலை பார்க்கிற பட்டறையில் இருந்த பத்துப் பேர் முன்னால் அந்த ஸ்ட்ரெச்சர் ஊர்வலத்தை நடித்துக் காட்டினான். லுங்கியைப் பிடித்துக்கொண்டது, பக்கத்து வீட்டுப் பெரியவர் கும்பிட்டது, எல்லாம். மெக்கானிக் டீ குடிக்கும்போது பின்னால் வந்து வாயாலேயே 'பீப் பீப்' என்பான். அவர் நெஞ்சைப் பிடிப்பார். டீ சட்டையில் கொட்டும். எல்லாரும் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். "டேய், உங்க அக்காவைக் கட்டினதுக்கு இன்னும் என்னென்ன அனுபவிக்கணுமோ," என்பார். அவர் சிரிக்கிறாரே என்று இவன் நிறுத்தவில்லை. அவர் அந்தப் பெட்டியை இடுப்பிலிருந்து எடுத்துக் கருவிப் பைக்குள் போட ஆரம்பித்தது எதனால் என்று அப்போது அவனுக்கு உறைக்கவில்லை.

அந்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. எட்டு மாடிக் கட்டடம், பிரேக் சரிசெய்கிற வேலை. மெக்கானிக் மேலே மோட்டார் அறையில் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டியிருந்தார். மச்சினன் ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவில், லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் டார்ச்சோடு உட்கார்ந்து கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். மேலிருந்து சத்தம் வந்தது. பீப், பீப், பீப். பிறகு நின்றது. அவர்தான் நிறுத்தியிருக்கிறார்.

"மாப்ள," என்று குரல் இறங்கி வந்தது. "அடிச்சிடுச்சு."

"சிவப்பா, மஞ்சளா?"

"சிவப்பு."

"வலி கிலி?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் வேர்க்குது. இங்க எப்பவும் வேர்க்கும்ல."

அவர் எதற்காகவோ காத்திருந்தார். வா, போலாம் என்று யாராவது சொல்ல வேண்டும். தானாகச் சொன்னால் மறுபடியும் ஸ்ட்ரெச்சர், மறுபடியும் பட்டறை. மச்சினன் டார்ச்சை மேலே அடித்துவிட்டு, அவருடைய குரலிலேயே, அவருடைய ராகத்திலேயே கத்தினான்:

"ரீசெட் பண்ணிட்டுச் சும்மா நில்லுங்க மச்சான். முதல் தடவைக்கு மரியாதை குடுக்கக் கூடாது!"

மேலே அவர் சிரித்தார். அந்தக் கிணற்றுக்குள் சிரிப்பு நாலு சுவரிலும் மோதிக் கீழே வரை போயிற்று.

"சரிதான்டா," என்றார். "வேலையைப் பாரு."

வேலையைப் பார்த்தார்கள். அவர் இரண்டு தடவை ஸ்பேனரைக் கீழே போட்டார். அது அவர் வழக்கம் இல்லை. "கை எண்ணெய்," என்றார். மச்சினன் கம்பியைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அலாரப் பெட்டி மறுபடி கத்தியபோது யாரும் அதை நிறுத்தவில்லை.

"மச்சான்?"

பீப், பீப், பீப்.

"மச்சான்! விளையாடாதீங்க."

விளையாடுகிறவன் இவன்தான், அவர் இல்லை. கரண்டு இல்லாததால் லிஃப்டை நகர்த்த முடியாது. தலைக்கு மேலே ஆறாவது மாடிக் கதவு. உள்பக்கக் கொக்கியை எட்டிப் பிடித்து, விரல் கிழிய இழுத்து, முழங்காலால் ஏறி, வராந்தாவில் விழுந்தான். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாளிடம் "ஆம்புலன்ஸ், ஆம்புலன்ஸ்" என்று கத்திக்கொண்டே படிகளில் ஓடினான். இரும்புக் கதவைத் திறந்தபோது மெக்கானிக் மோட்டாரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலை இறங்கியிருந்தது. பைக்குள்ளிருந்து சிவப்பு வெளிச்சம் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது.

ஸ்ட்ரெச்சர் அந்தக் கதவுக்குள் நுழையவில்லை. எண்பத்திரண்டு கிலோவையும் இவன்தான் தூக்கினான்.

ஆஸ்பத்திரியில் கருவிக்குள் பதிந்திருந்ததை எடுத்துப் பார்த்தார்கள். முதல் எச்சரிக்கை பதினொன்று இருபத்திரண்டு. இரண்டாவது பதினொன்று நாற்பத்தொன்று. கருவிமேல் ஒரு குறையும் இல்லை. டாக்டரம்மா தாளை மடித்து வைத்துவிட்டு, "முதல் தடவையே கிளம்பியிருந்தா..." என்று ஆரம்பித்து, அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"நடுவுல பத்தொம்பது நிமிஷம் இருக்கேடா," என்று அக்கா தம்பியிடம் கேட்டாள். "என்ன பண்ணீங்க?"

"எனக்குக் கேக்கலக்கா. நான் கீழ இருந்தேன். அவரே நிறுத்திட்டாரு போல."

வாயில் அது வழுக்கிக்கொண்டு வந்தது. அதுவரை அவன் சொன்ன பொய்களுக்கு யாராவது சிரித்திருக்கிறார்கள். இதற்கு அக்கா தலையை மட்டும் ஆட்டினாள்.

அழுகை வடிந்த பிறகு அவளுக்குக் கோபம் வந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் செத்தவர்மேல் வைத்தாள். துக்கம் கேட்க வந்தவர்களிடம் எல்லாம் அதே பேச்சு. "பட்டனை அமுக்கிட்டு வேலை பார்த்திருக்காரு. நாங்க ரெண்டு பேரு இருக்கோம்னு நினைப்பு வரல பாருங்க. அந்த லிஃப்டுதான் பெரிசாப் போச்சு." மகளும் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் சுவரில் மாட்டியிருந்த அப்பாவின் வேலைச் சட்டையை எடுத்துச் சுருட்டி, பழைய துணி மூட்டையில் திணித்தாள். அதை மச்சினன் பார்த்துவிட்டான்.

மூன்று நாள் தாங்கினான். நாலாம் நாள் சாயங்காலம், அக்கா அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது போய்க் கதவோரம் நின்றான்.

"அக்கா, எனக்குக் கேட்டுச்சு."

"என்ன கேட்டுச்சு?"

"அலாரம். அவரு என்கிட்ட சொன்னாரு, சிவப்புன்னு. நான்தான் ரீசெட் பண்ணுங்கன்னு கத்தினேன். கிண்டலுக்கு. நான் போலாம்னு சொல்லியிருந்தா வந்திருப்பாருக்கா. நான் சொல்லணும்னுதான் நின்னாரு."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதை மூடவில்லை. அடிப்பாள் என்று நினைத்தான். அடித்தால் தேவலை என்று இருந்தது.

"அதுக்கு அவரு என்ன சொன்னாரு?"

"சிரிச்சாருக்கா."

"எப்படி?"

"நல்லா. சத்தமா."

அவள் ஒரு தட்டைக் கழுவினாள். கழுவின தட்டையே மறுபடியும் கழுவினாள். இத்தனை நாளாக இறுகியிருந்த முகம் கலைந்து, சத்தமே இல்லாமல் அழுதாள். இது வேறு அழுகை. புருஷனைத் திட்டாத அழுகை.

"சத்தியம் பண்ணினியேடா," என்றாள்.

அவன் கதவு நிலையை நகத்தால் சுரண்டினான்.

"என் முகத்துல இப்ப முழிக்காதே. கொஞ்ச நாள் என்கிட்ட பேசாதே. பேசினா நான் ஏதாவது சொல்லிடுவேன்." குழாயை மூடினாள். "பொண்ணுகிட்ட மட்டும் நான் சொல்லிக்கிறேன், அப்பா மேல தப்பு இல்லைன்னு. உன் பேரு வராது. வந்தா அவளுக்கு நீயும் இல்லாமப் போயிடுவே."

"சொல்லிடுக்கா. என் பேரையே சொல்லிடு."

"வாயை மூடு. உனக்காக இல்ல."

அவன் செருப்பைத் தேடிக்கொண்டு வாசலுக்கு வந்தான். மகள் படியில் உட்கார்ந்து, பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். நாளைக்குத்தான் மறுபடி போகிறாள். நிமிராமலே கேட்டாள்:

"மாமா, என்னை யாரு கொண்டு விடுவா?"

"நான்தான்."

"ஏழே முக்காலுக்குக் கிளம்பணும். லேட் பண்ணிடாதீங்க."

"ஏழு மணிக்கே வந்து நிக்கறேன்," என்றான். இருமுகிற மாதிரி நடித்தான்.