சாரத்தில் வயிறு குறைக்கப் போன புரட்டாசி சனிக்கிழமை

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். காலை 8.40க்குத் தவளக்குப்பத்தில் புதுச்சேரி பேருந்தில் ஏறினேன். நல்ல கூட்டம். கல்லூரிப் பெண் ஒருத்தி என் வயிற்றைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றாள்.

"உக்காருங்கக்கா. எத்தினி மாசம்?"

எனக்கு நாற்பத்தேழு வயது. "ஆறு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன். கால் அப்படிக் கடுத்தது. "கெட்டியா புடிச்சுக்கங்கக்கா, வழியெல்லாம் வேகத்தடை" என்றார் டிக்கெட் கொடுத்த நடத்துனர். அவருக்கும் தலையை ஆட்டினேன். பக்கத்தில் நின்ற கலா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

கலாவும் நானும் சந்தையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து மீன் விற்கிறவர்கள். புரட்டாசி சனிக்கிழமை மீன் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்பதால்தான் அந்த நாளைப் பிடித்தோம். போனது எதற்கென்றால், இந்த வயிற்றை வெட்டிக் குறைக்க முடியுமா என்று கேட்க.

இரண்டு பிள்ளைகளும் ஆபரேஷனில் பிறந்தவை. அதற்குப் பிறகு அடிவயிறு மடிந்து தொங்கிவிட்டது. வியர்வையில் மடிப்பு புண்ணாகும், அதையெல்லாம் பழகிக்கொண்டேன். மகள் கல்யாண வீடியோவில் ஓர் உருவம் குறுக்கே போனபோது, "யாருடி இந்த அண்டா?" என்று கேட்டேன். அது நான். சந்தையில் எல்லோருக்கும் பட்டப்பெயர் வைக்கிறவள் நான்தான், கலாவுக்கு நெத்திலி. அதனால் என்னை யாராவது கிண்டல் செய்தால் முதலில் நான்தான் சிரிக்க வேண்டும். சிரித்தேன். வீட்டில் கண்ணாடியை மட்டும் முகம் தெரிகிற உயரத்துக்கு ஏற்றி மாட்டிவிட்டேன்.

இன்னொன்றும் உண்டு. எனக்கு ஒன்பது வருடமாகச் சர்க்கரை. நான்கு வருடமாகக் காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. அதிலும் கடைசி ஒன்றரை வருடம் எதைக் குறைத்தாலும் சர்க்கரை இறங்கவில்லை. திருட்டுத்தனமாகத் தின்கிறேன் என்று வீட்டுக்காரர் சீனி டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

தவளக்குப்பத்திலிருந்து புதுச்சேரி பேருந்து நிலையம் முப்பது நிமிடம், ஆளுக்குப் பதினைந்து ரூபாய். அங்கிருந்து கிளினிக் இருக்கிற சாரம் பகுதிக்கு ஆட்டோ எண்பது ரூபாய், பத்து நிமிடம். ஆட்டோக்காரர் விடாமல் விசாரித்தார்.

"சாரத்துல எங்கக்கா?"

"வயித்தக் கொறைக்கிற டாக்டருகிட்ட."

"நடந்தே போனா அதுவே கொறையுமே."

"எல்லாரும் நடந்தா நீ எத ஓட்டுவ? ஓட்டு."

கிளினிக் இரண்டாவது மாடி, லிப்ட் உண்டு. படிவம் ஆங்கிலத்தில் இருந்ததால் மேசையில் இருந்த பெண்ணே கேட்டு நிரப்பினாள். பிரஷர், சர்க்கரை ஏதாவது உண்டா என்றாள். "ஒண்ணும் இல்ல" என்றேன். சொன்னால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். கலா என்னை முறைத்தாள். நான் திருப்பி முறைத்தேன்.

ஆனால் என் பை காட்டிக்கொடுத்துவிட்டது. அதிலிருந்து சொட்டிய தண்ணீர் ஓடி நர்சம்மாவின் செருப்பை நனைத்தது.

"யம்மா, பையில இன்னா, மீனா?"

"மருந்துங்க. சர்க்கரைக்குப் போடுற ஊசி" என்று கலா முந்திக்கொண்டாள்.

நர்சம்மா பையைத் திறந்தார். உடைத்த ஐஸ், கல்லுப்பு, நடுவில் இன்சுலின் புட்டி. மருந்தைக் குளிர்ச்சியில் வை என்று சொல்லியிருந்தார்கள். வீட்டில் பிரிட்ஜ் இருக்கிறது, நான்தான் வீட்டில் இருப்பதில்லை. விடிவதற்குள் கரைக்குப் போய் மீன் எடுத்து, சந்தையில்தான் ஊசியும் இட்லியும். அதனால் புட்டியை மீன் பெட்டியிலேயே ஐஸுக்குள் புதைத்துவிடுவேன்.

"உப்பு வேற போட்டிருக்கீங்க?"

"உப்பு போட்டாத்தாங்க நல்லா சில்லுன்னு இருக்கும். வஞ்சிரத்துக்கே அப்பிடித்தான் செய்வோம்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. "செல நாளு மருந்து கட்டியாக்கூட ஆயிடும். வயித்து மடிப்புல சொருகி உருக வெச்சுக்குவேன்."

அவர் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எத்தினி நாளா?"

"போன வருசம் சித்திரைலேருந்து."

"ஒறைஞ்சா இது செத்துடும்மா. இத்தினி நாளும் வெறும் தண்ணியத்தான் குத்திக்கினு இருந்திருக்கீங்க."

விரலில் குத்திப் பார்த்தார்கள். 342. டாக்டரம்மா வயிற்றைப் பார்ப்பதற்கு முன் காலைத் தூக்கச் சொன்னார். வலது சுண்டுவிரலுக்கு அடியில் ஒரு புண், ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு. மீன் முள் ஏறியிருக்க வேண்டும். எனக்கே தெரியாது.

"வலிக்கலையா?"

"இல்லையே" என்றேன் சந்தோஷமாக. யாரும் சிரிக்கவில்லை.

"வயித்துல இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் வெட்டித் தைக்கணும். இந்தச் சர்க்கரையில தையல் சேராது, சீழ் பிடிச்சுடும். நான் செய்ய மாட்டேன். வயிறு காத்திருக்கும், கால் காத்திருக்காது" என்றார். புண்ணைக் கழுவிக் கட்டினார். கதிர்காமம் அரசு ஆஸ்பத்திரிக்குத் திங்கட்கிழமையே போய்க் கால், கண், சிறுநீரகம் மூன்றையும் பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதினார். "ஆறு மாசம் கழிச்சு வாங்க. அப்ப சர்க்கரை கட்டுல இருந்தா பேசலாம்."

அவரும் ஆறு மாசம் என்றார்.

கடற்கரை ரோட்டுக்குப் போய்விட்டு வரலாம் என்று கிளம்பும்போது பேசியிருந்தோம். போகவில்லை. மருந்துக்கடைப் படியில் உட்கார்ந்திருந்தோம். ஒன்றரை வருடமாக நான் ஒரு பொங்கலுக்குக்கூட வெல்லத்தை வாயில் வைக்கவில்லை. எல்லோரும் சொல்லிச் சொல்லி, தூக்கத்தில் எழுந்து தின்கிறேனோ என்று நானே என்னைச் சந்தேகப்பட்டேன். வெட்டிப் போடத் துடித்த அதே மடிப்பின் சூட்டில்தான் செத்த மருந்தை உருக்கிக் குத்திக்கொண்டிருந்தேன்.

கலா குனிந்து என் கால் கட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "இனிமே தெனம் காலையில மொதல்ல உன் கால நான் பாக்குறேன். அப்பறந்தான் மீனு" என்றாள்.

"பாத்துட்டு? நாறுச்சுன்னா வெல கொறைப்பியா?"

"சும்மா இருக்கா. பயமா இருக்கு."

எனக்கும்தான். அவளிடம் சொல்லவில்லை.

இந்த மாதிரி காரியமாகப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். இருக்கிற நோயை மறைக்காதீர்கள். பை சொட்டாதிருந்தால் நான் மறைத்தே இருப்பேன். டாக்டர் கட்டணம் ஐந்நூறு ரூபாய். பத்து மணிக்குள் போனால் காத்திருக்க வேண்டாம். போட்டுக்கொள்கிற மருந்தைக் கையோடு எடுத்துப்போய், எங்கே எப்படி வைக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். இன்சுலினை ஐஸில் வைக்காதீர்கள். வெளியே வேலை செய்கிறவர்களுக்கு நர்சம்மா சொன்ன வழி இது: மண்பானையில் தண்ணீர் ஊற்றி, மூடிய டப்பாவில் மருந்தைப் போட்டு அதில் மிதக்க விட வேண்டும். ராத்திரி காலைத் திருப்பி உள்ளங்காலைப் பாருங்கள். வயிறு எனக்கு இன்னும் குறைய வேண்டும்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றிலிருந்து இரவில் விழித்தால் கை காலைத்தான் தடவுகிறது.

சாரத்திலேயே சாலையோரம் சின்னப் பானை ஒன்று நூற்றிருபது ரூபாய்க்கு வாங்கி, தண்ணீர் பிடித்து, புது மருந்தை டப்பாவோடு மிதக்கவிட்டு, 1.20 பேருந்தைப் பிடித்தோம். காலையில் வந்த அதே வண்டி, அதே நடத்துனர். அவரே ஓர் ஆளை எழுப்பி எனக்கு இடம் கொடுத்தார். வெயில் படாமல் பானையை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டேன். அரியாங்குப்பம் தாண்டி ஒரு வேகத்தடையில் பானை அடியில் விரிசல் விட்டது. தண்ணீர் முழுவதும் என் கால் வழியாக இறங்கிப் பேருந்துக்குள் ஓடியது. முன்சீட்டு அம்மா, "ஐயோ, பனிக்குடம் ஒடைஞ்சிடுச்சு!" என்று கத்தினார். "ஆறு மாசந்தான்யா ஆவுது, வுடு வண்டிய!" என்று நடத்துனர் விசிலை ஊதினார். கலா சிரித்த சிரிப்பில் அவளால் விளக்கம் சொல்ல முடியவில்லை. பேருந்து தவளக்குப்பம் வரை எந்த நிறுத்தத்திலும் நிற்கவில்லை. மருந்து டப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. காலையில் முப்பது நிமிடம் பிடித்த தூரம், அந்த மத்தியான நெரிசலில் பத்தொன்பது நிமிடம். டிக்கெட் அதே பதினைந்து ரூபாய்.