டோரதி டீச்சருக்கு வெயின்ரைட்டுங்கற பேரு வந்த வழி

இன்னிக்கு சாயந்திரம் திருச்சி பொன்மலை ஸ்டேஷன்ல டோரதி டீச்சரைப் பாத்தேன். ரயில்வே ஸ்கூல்ல கணக்கு எடுக்கறாங்களே, டோரதி வெயின்ரைட், அவங்கதான். இந்நேரம் கப்பல் ஏறியிருப்பாங்கன்னு நெனச்சிருந்தேன். போகலையாம். ஏன்னு கேட்டேன். அவங்க சொல்லி முடிக்கறதுக்குள்ள ரெண்டு ரயில் போயிடுச்சு. வீட்டுக்கு வந்ததும் வராததுமா இதை அடிக்கறேன்.

ஆங்கிலோ இந்தியன் குடும்பம். அவங்க அப்பா நம்ம ஒர்க்‌ஷாப்புல ரயில் பெட்டி செய்யற எடத்துல போர்மேன். அவருக்கு அந்தப் பேர் மேல அவ்வளவு பெருமை. பழைய இங்கிலீஷ்ல வெயின்னா வண்டி, ரைட்டுன்னா செய்யறவன். அங்க கிராமத்துல யாரு என்ன வேலை செஞ்சாங்களோ அதுவே குடும்பப் பேரா நின்னுடுச்சாம். நம்ம ஊர்ல ஆசாரி வீடுன்னு சொல்றோமே, அந்த மாதிரி. "ஐந்நூறு வருஷமா வண்டி செய்யற ரத்தம்டா இது"ன்னு சொல்லிட்டே ஆணி அடிப்பாராம் மனுஷன்.

அவர் காலமான பொறவு சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரா இங்கிலாந்து போயிட்டாங்க. மிச்சம் டீச்சரும் அவங்க அம்மாவும்தான். லண்டன் பக்கத்துல ஒரு ஸ்கூல்ல டீச்சருக்கு வேலை தயாரா இருந்துச்சு. வேண்டியது ஒரே ஒரு காகிதம். அப்பா வழியில ஒருத்தர் இங்கிலாந்துல பொறந்தவர்னு காட்டினா மெட்ராஸ்ல இருக்கற பிரிட்டிஷ் ஆபீஸ்ல பாஸ்போர்ட் குடுப்பாங்க.

அதுக்காகப் போன மார்ச்சுல கண்டோன்மென்ட் பக்கம் ஒரு பழைய மாதா கோயிலுக்குப் போயிருக்காங்க. அங்க எழுத்து வேலை பாக்கற சவரிராயன் 1843-ம் வருஷத்து ஞானஸ்நான நோட்டை எடுத்து, தாத்தாவோட அப்பா ஜோசப்பைத் தேடிப் பிடிச்சார். படிச்சார். டீச்சர் பக்கம் திருப்பாம நோட்டை மூடப் பாத்தாராம்.

"என்ன சவரிராயன், பூச்சி அரிச்சிருச்சா?"

"அரிச்சிருந்தா தேவலைங்க டீச்சர்."

நோட்டுல இருந்தது இதுதான். ஜோசப், ஒன்றரை வயசு. தகப்பன் மதுரைவீரன், வரகனேரி, கல்லு சுமக்கறவர். தாய் வெள்ளையம்மாள். ரெண்டு பேரும் காலராவுல செத்துட்டாங்க. ஞானத்தகப்பன், அதாவது ஞானஸ்நானத்துக்குப் பொறுப்பா நின்னவர், வில்லியம் வெயின்ரைட், இங்கிலாந்துலேருந்து வந்த பட்டாளத்துச் சிப்பாய்.

"அனாதைப் புள்ளைக்கு ஞானத்தகப்பன் தன் பேரையே குடுக்கறது அப்ப வழக்கம்ங்க. இந்த ஒரு நோட்டுலயே எட்டு புள்ளைங்க"ன்னாராம் சவரிராயன். டீச்சர் மொகத்தைப் பாத்துட்டு குரலைத் தாழ்த்தி, "தகப்பன்ங்கற எடத்துல வில்லியம்னே எழுதித் தந்துடறேன். மெட்ராஸ்லேருந்து எவன் வந்து நோட்டைப் புரட்டப் போறான்?"

நானா இருந்தா அங்கேயே வாங்கிட்டு வந்திருப்பேன். சத்தியமா.

டீச்சர் வெள்ளையம்மாள்ங்கற பேரு மேல விரலை வச்சாங்களாம். "காப்பி அடிக்கறவனைத் தினம் பெஞ்சு மேல ஏத்தறேன் நான். அது கூட இருக்கட்டும். அந்தப் பொம்பளை பேரு உலகத்துல இந்த ஒரு நோட்டுலதான் இருக்கு. நான் வேற அதை விட்டுடணுமா? உள்ளது உள்ளபடி எழுதுங்க."

வீட்டுல சண்டை. "உங்க டாடி இருந்தா அந்த நோட்டையே தூக்கிட்டு வந்து அடுப்புல போட்டிருப்பாரு"ன்னு அம்மா ரெண்டு நாள் சாப்பிடலை. டீச்சர் அந்தக் காகிதத்தை அப்படியே மெட்ராஸுக்கு அனுப்பிட்டாங்க. நேத்து பதில் வந்துடுச்சு. முடியாதுன்னு.

கேக்கவே கூச்சமா இருந்துச்சு, இருந்தாலும் கேட்டுட்டேன். "இனிமே பேரை மாத்திக்குவீங்களா டீச்சர்?"

"எதுக்குப்பா? பெத்தவங்களைப் பறிகொடுத்த புள்ளையைத் தூக்கிட்டு வந்து, இது என் பேரு, வச்சுக்கோன்னு குடுத்தாரே, அது மட்டும் பொய்யா? அதுவும் என் பேருதான்."

லண்டன் வேலை போன வருத்தம் அவங்க கண்ணுல நல்லாத் தெரிஞ்சுது. அதை மறைக்கவும் இல்லை. ஆனா சனிக்கிழமை சனிக்கிழமை காந்தி மார்க்கெட்டைத் தாண்டி வரகனேரிக்கு நடக்கறாங்க. வீடு வீடா ஏறி மதுரைவீரன், வெள்ளையம்மாள் வகையறா யாராவது இருக்காங்களான்னு கேக்கறாங்க. கவுன் போட்ட அம்மா ஒருத்தங்க வந்து நம்ம வீட்டுல சொந்தம் கேட்டா யாருக்குத்தான் சிரிப்பு வராது. சிரிச்சிட்டு அனுப்பிடறாங்களாம்.

அதனால இதைப் படிக்கறவங்க வரகனேரியில உங்களுக்குத் தெரிஞ்ச நாலு பேர்கிட்டயாவது சொல்லுங்க. காலராவுல போன ஒரு புருஷன் பொண்டாட்டி, மாதா கோயில்காரங்க எடுத்துட்டுப் போன ஒரு ஆம்பளைப் புள்ளைன்னு யார் வீட்டுலயாவது பேச்சு இருந்தா, பொன்மலை ரயில்வே காலனிக்குப் போய் டீச்சரைப் பாருங்க. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு பதினோரு மணிக்கு மேல வீட்டுலதான் இருப்பாங்க.