வெள்ளிக்கிழமைப் பத்திரிகையும் சவிரி அண்ணையின் பதினொரு பேரும்

இந்தப் பிரெஞ்சு நாட்டில் திங்கட்கிழமைகளில் வளர்ந்த ஆண்களுக்குப் பத்திரிகையில் புள்ளி போடுகிறார்கள். பத்துக்கு ஆறு, பத்துக்கு நாலு என்று, பள்ளிக்கூடத்தில் கணக்குக் கொப்பியில் நாங்கள் வாங்கிய மாதிரியே. வார இறுதியில் உதைபந்தாட்டம் ஆடிய ஒவ்வொருவருக்கும், மீசை வைத்தவர்களுக்கும் பிள்ளைகுட்டிக்காரருக்கும் கூட, பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கஃபேயில் கோப்பை கழுவி நிலம் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அந்தப் பக்கத்தைக் கண்டு தனியே நின்று சிரித்தேன். நேற்றும் மேசை துடைக்கும்போது அது கண்ணில் பட்டது. இப்போதெல்லாம் எனக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு வருவதில்லை.

இரண்டு மாரிக் குளிருக்கு முன்னால் லா சப்பலில், தமிழ்க் கடைத்தெருவுக்குப் பின்பக்கம், ஐந்தாம் மாடி அறையொன்றில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். கட்டில்கள் மூன்று. நான், தேவன், குலம் மூவரும் இருபத்தைந்தைத் தாண்டாதவர்கள். நாலாவது ஆள் சவிரி அண்ணை. மன்னார்க்காரர், நாற்பது வயதிருக்கும், மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் ஊரில். ரெஸ்தோறன்ட் ஒன்றின் நிலவறையில் சட்டி கழுவி இடுப்பு நாரி பிடித்துப்போன மனிதர். நாலு பேரில் எனக்கு மட்டுமே பிரெஞ்சு வாசிக்க வரும். வந்த புதிதில் ஒரு பாதிரியார் நடத்திய மாலை வகுப்புக்கு ஒழுங்காகப் போனதன் பலன். அதனால் அகதி அலுவல் பார்க்கும் பிரெபெக்த்தூர் கடிதமா, மின்சாரக் கடிதமா, மருந்துக் குப்பியில் ஒட்டிய துண்டா, எல்லாம் என் கைக்குத்தான் வரும். நான் வாசித்துச் சொன்னால் அதுதான் வேதவாக்கு. அந்தப் பெருமை எனக்கு மெல்லிதாகத் தலையில் ஏறியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தவனும் நான்தான். மைதானத்துக்குப் போய்ப் பார்க்க எங்களுக்கு வசதியில்லை, அறையில் தொலைக்காட்சியும் இல்லை. ஆனால் திங்கட்கிழமைப் புள்ளிப் பக்கம் இருந்தது. ஆளுக்கொரு கொப்பி எடுத்தோம். ஊரில் பள்ளி மைதானத்தில் ஆள் பிரிப்பது போல முறை வைத்து, இந்த நாட்டு முதல் பிரிவில் ஆடும் வீரர்களில் ஆளுக்குப் பதினொரு பேரைப் பிடித்தோம். ஒருவன் பிடித்த ஆளை மற்றவன் தொடக்கூடாது. வெள்ளிக்கிழமை பின்னேரத்துக்குள் ஓர் ஆளைக் கழித்து வேறொருவனைச் சேர்க்கலாம். திங்கட்கிழமை நான் புள்ளிகளை வாசிப்பேன், அவர்கள் கூட்டுவார்கள். ஆடாதவனுக்குப் பூச்சியம். பந்தயம் என்னவென்றால், முதலாவதாக வருகிறவனுக்கு அந்தக் கிழமை முழுக்க, ஏழு இரவும், சூடாக்கிக்குப் பக்கத்துக் கட்டில். கடைசியாக வருகிறவனுக்கு நிலத்தில் விரித்த மெத்தை. சவிரி அண்ணையின் நாரியை நினைத்து அவரை இந்தப் பந்தயத்திலிருந்து விலக்குவோம் என்று குலம் சொன்னான். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

“விளையாட்டெண்டால் விளையாட்டு. எனக்கென்ன சலுகை?” என்றார்.

ஊரில் ஆள் பிரிக்கும்போது நான் எப்போதும் கடைசியில் மிஞ்சுகிறவன். இரண்டு தலைவர்களும் என்னைப் பார்த்துவிட்டு, “இவனை நீயே வைச்சிரு” என்று ஒருவருக்கொருவர் தள்ளிவிடுவார்கள். சவிரி அண்ணையோ தன் பங்குக் கோயில் அணிக்கு உண்மையாகவே ஆடியவர். மன்னார்க் கடற்கரைப் பிள்ளைகள் மணலில் ஓடிப் பழகியவர்கள், அவர்களுடைய கால் வேறு. கடை வாசல் தொலைக்காட்சியில் ஓர் ஆட்டத்தை ஐந்து நிமிடம் பார்த்தாலே போதும், எவன் இடமறிந்து நிற்கத் தெரிந்தவன் என்று சொல்லிவிடுவார். பிரெஞ்சுப் பெயர்கள் வாயில் நுழையாததால் அவரே பட்டம் வைத்துக்கொள்வார். சுருட்டையன், வாத்தியார், நெடுவல். நெடுவல் என்றால் வடக்கு நகரமொன்றுக்கு ஆடிய உயரமான முன்னணி வீரன். சவிரி அண்ணையின் அணிக்கு அவன்தான் முதுகெலும்பு.

எனக்குக் கால் இல்லை, கடதாசி இருந்தது. கஃபேயில் கதிரைகளை இறக்கி வைத்துவிட்டுப் பத்திரிகையை மேய்வேன். எல்லோரும் கோல் அடிப்பவனுக்குப் பாய்ந்தபோது நான் தோற்கிற அணியின் கோலியைப் பிடித்தேன். பந்து அவனை நோக்கித்தான் ஓயாமல் வரும், பத்தைத் தடுத்து இரண்டை விட்டாலும் எழுதுகிறவன் பாவம் பார்த்து ஏழு போடுவான். மஞ்சள் அட்டைகளை எண்ணி வைத்திருப்பேன், எவன் அடுத்த ஆட்டத்தில் இருக்கமாட்டான் என்று தெரிந்துகொள்ள. கிழமை நடுவில் கோப்பை ஆட்டம் இருந்தால் சனிக்கிழமை வயதானவர்களுக்கு ஓய்வு கொடுப்பார்கள், அதையும் குறித்துக்கொள்வேன். இவையெல்லாம் நேர்மையான வழிகள். இவற்றோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரையை எழுதவேண்டி வந்திராது.

என் கொப்பியை ஒருநாள் கஃபே முதலாளி கண்டுவிட்டார். தொப்பை குலுங்கச் சிரிக்கும் நல்ல மனிதர். இது எந்த ஊர் அணி என்று கேட்டார். என்னுடையது என்றேன். ஒவ்வொரு பெயராக விரல் வைத்து, இவன் போர்தோ, இவன் நான்த், இவன் லான்ஸ், இவர்கள் ஒன்றாக எங்கே ஆடுகிறார்கள் என்றார். எங்கேயும் இல்லை என்றேன். அவருக்கு முகம் மாறிவிட்டது. எனக்குப் பாஷை போதவில்லை என்று எண்ணி, மெதுவாக, உரத்து, குழந்தைக்குச் சொல்வது போல், “ஓர் அணிக்கு ஓர் ஊர் வேண்டும்” என்றார். நான் தலையாட்டினேன். அதன் பின் பல நாள் அவர் எனக்குத் தன் ஊர் அணியின் பெயரைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மாரியில் சவிரி அண்ணை முன்னுக்கு வரத் தொடங்கினார். இரண்டு கிழமை சூடாக்கிக் கட்டில் அவருக்குப் போயிற்று. அந்த இரண்டு கிழமையும் காலையில் அவர் நிமிர்ந்து எழும்பியதை நான் கண்ணால் கண்டேன். கண்டும் எனக்குப் பொறாமைதான் வந்தது. கட்டிலுக்காக மட்டுமல்ல. கடதாசியில் கூட நான் கடைசியாக மிஞ்சுகிறவன் ஆகிவிடுவேனோ என்ற பயம்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வேலைக்குப் புறப்படும் முன் அவர் ஒரே கேள்வியைக் கேட்பார்: “தம்பி, என்ரை ஆக்களுக்கு ஏதும் கிடக்கோ?” அந்த வெள்ளிக்கிழமைப் பத்திரிகையில் கிடந்தது. நெடுவலுக்குத் தொடையில் தசை கிழிந்துவிட்டது, பல கிழமைகளுக்கு ஆடமாட்டான் என்று.

“ஒண்டுமில்லை அண்ணை. எல்லாரும் சுகம்,” என்றேன்.

அவர் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். திங்கட்கிழமை நெடுவலின் பெயர் இல்லாததற்கு, ஓய்வு கொடுத்திருக்கிறார்கள், அடுத்த முறை வருவான் என்று வாசிப்பது போலவே சொன்னேன். இப்படி மூன்று வெள்ளிக்கிழமை. மூன்று கிழமையும் அவர் நிலத்தில் படுத்தார், நான் சூடாக்கிக்குப் பக்கத்தில் படுத்தேன். பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடையாது என்பார்கள். எனக்குப் போசனத்தோடு கட்டிலும் கிடைத்தது. காலையில் அவர் சுவரைப் பிடித்துப் பிடித்து எழும்பும் நேரம் நான் போர்வைக்குள் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அடுத்த வெள்ளிக்கிழமை வாய் தானாகவே “எல்லாரும் சுகம்” என்றது.

பிடிபட்டது மீனால். கஃபேயில் கழித்த பழைய பத்திரிகைகளை நான்தான் அறைக்குக் கொண்டுவருவேன், நிலத்தில் விரித்து மீன் வெட்ட. அந்த வெள்ளிக்கிழமைப் பத்திரிகைகளை மட்டும் கவனமாகத் தவிர்த்திருந்தேன். செவ்வாய்க்கிழமைப் பத்திரிகையை யார் பார்த்தார்கள்? ஒரு ஞாயிறு மத்தியானம் சவிரி அண்ணை கத்தியோடு குந்தியிருந்து கடதாசியை விரித்தார். அரைப் பக்கத்துக்கு நெடுவலின் படம். இரண்டு கக்கத்திலும் ஊன்றுகோல். அதை வாசிக்கப் பிரெஞ்சு தேவையில்லை. அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மேல் மூலையில் இருந்த, இரண்டு கிழமைக்கு முந்திய திகதியை விரலால் தொட்டார். எண்கள் எல்லா மொழியிலும் ஒன்றுதானே.

“இவருக்கு எப்ப தம்பி கால் போனது?”

தேவன் எட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். “கள்ளன்! மூளைசாலியடா நீ!” என்று முதுகில் தட்டினான். குலமும் சிரித்தான். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. சவிரி அண்ணை நெடுவலின் மேலேயே மீனை வைத்து வெட்டத் தொடங்கினார். கட்டிலை எடுங்கள் அண்ணை என்று கெஞ்சினேன். கிழமை முடியவில்லை என்று சொல்லி ஞாயிறும் நிலத்திலேயே படுத்தார். ஏசியிருந்தால், கன்னத்தில் ஓர் அறை தந்திருந்தால், அன்றோடு தீர்ந்திருக்கும்.

இரண்டு கிழமையில் அவருடைய அகதி மனுவுக்குப் பதில் வந்தது, பதிவுத் தபாலில். கையெழுத்து வைத்து எடுத்துவந்து என்னிடம் தந்தார். வழக்கம் போலத்தான் தந்தார். நான் வாசித்தேன். மனு நிராகரிக்கப்பட்டிருந்தது. ஒரு மாதத்துக்குள் மேன்முறையீடு செய்யலாம், பிந்தினால் அந்த வழியும் இல்லை. ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

“ஓம்,” என்றார். பிறகு கேட்டார்: “வேறை ஏதும் கிடக்கோ?”

“இல்லை அண்ணை. உள்ளதைத்தான் சொன்னனான்.”

உள்ளதைத்தான் என்று ஏன் சொன்னேன்? அவர் கடிதத்தை வாங்கி நாலாக மடித்துக் கோட்டின் உள்பையில் வைத்தார். மறுநாள் நகருக்கு வெளியே பொபினிக்குப் போனார். அங்கே ஒரு புதுச்சேரி ஐயா இருந்தார், தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், பிரெஞ்சுப் பிரசை, கடிதம் வாசிக்கத் தெரிந்தவர். ஐயா மகளைப் பார்க்கத் தெற்கே போயிருந்தார். அவர் திரும்ப ஒன்பது நாள். முப்பதில் ஒன்பது. நான் ஒவ்வொரு நாளும் சொன்னேன், நாட்கள் போகின்றன அண்ணை, கடிதம் எழுத ஆள் பிடிப்போம், தாருங்கள் என்று.

“ஐயா வரட்டும் தம்பி,” என்பார். கோபமே இல்லாமல் சொல்வார்.

என் வாயில் அப்போது உண்மை மட்டும்தான் இருந்தது. அதைக் கொண்டு எதையும் செய்ய முடியவில்லை. புலி வருகுது என்று கத்தியவன் கதையைச் சின்ன வகுப்பில் படித்தபோது ஆட்டைத்தான் நினைத்து அழுதேன். கத்தியவனின் நிலை என்னவென்று அந்த ஒன்பது நாளில்தான் விளங்கியது.

ஐயா வந்தார். நானும் கூடவே போனேன். கண்ணாடியை மாட்டி இரண்டு பக்கமும் வாசித்துவிட்டு நிமிர்ந்தார். “தம்பி சொன்னது அப்படியே சரிங்க. ஒரு மாசத்துக்குள்ள ரெக்கூர், அதான் அப்பீல், போட்டாகணும். கூடவே படிச்ச புள்ளைய வச்சிக்கிட்டு ஏன் இத்தினி நாள் சும்மா இருந்தீங்க?”

நான் நிலத்தைப் பார்த்தேன். இப்போது சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொல்ல அவருக்கு முழு உரிமையும் இருந்தது.

“எனக்குத்தான் பஞ்சி ஐயா,” என்றார் சவிரி அண்ணை. “தம்பி நெடுகச் சொன்னவன்.”

சோம்பல் என்றால் என்னவென்று அறியாத மனிதர் தன் தலையில் சோம்பலைத் தூக்கி வைத்துக்கொண்டார். மேன்முறையீடு நாள் தப்பாமல் போய்ச் சேர்ந்தது. போன கோடையில் அவருக்கு அகதி அட்டையும் கிடைத்தது. கிடைத்துவிட்டதே, பிறகென்ன என்று தேவன் கேட்கிறான். கிடைக்காமல் போயிருந்தால் என்ற கேள்வியோடு நான் கஃபே நிலத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் இப்போது நகருக்கு வெளியே சார்செலில், உயர்ந்த கட்டடமொன்றில் இருக்கிறார். சனிக்கிழமைகளில் சாமான் வாங்க லா சப்பலுக்கு வருவார். கண்டால் சுகம் விசாரிப்பார், தேத்தண்ணீர் வாங்கித் தருவார். கடிதம் எதையும் என்னிடம் நீட்டியதில்லை. அதை நான் எதிர்பார்ப்பதும் இல்லை.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நேற்று அந்தப் புள்ளிப் பக்கத்தைக் கடந்து புரட்டியபோது, உலகச் செய்தியின் அடியில், யாழ்ப்பாணம் என்ற பெயரைக் கண்டேன். ஏழெட்டு வரி. குண்டு வீச்சு, இறந்தவர்கள், எங்கள் பக்கத்துச் சந்தி. அந்தத் துண்டைக் கிழித்துப் பையில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்தால் கதவடியில் அம்மாவின் நீலக் கடிதம், மூன்று கிழமைக்கு முந்தியது. “இங்கு ஒரு பிரச்சினையும் இல்லை. எல்லோரும் சுகம். நீ யோசிக்காதே.” எல்லோரும் சுகம் என்ற சொல்லில் என் கண் நின்றுவிட்டது. அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியும். சப்பாத்துக் கயிறு கட்டும் மனிதனிடம் எத்தனை இலகுவாகச் சொல்லலாம் என்று எனக்குத் தெரியும்.

சவிரி அண்ணைக்குத் திங்கட்கிழமைதான் லீவு. நேற்றே கடிதத்தை எடுத்துக்கொண்டு ரயில் ஏறி சார்செலுக்குப் போனேன். தாய்மொழியில், பெற்ற தாய் எழுதிய கடிதம். இரண்டாவது ஆளிடம் வாசிக்கக் கொடுக்கப் போனேன்.

“அண்ணை, இதை ஒருக்கா வாசியுங்கோ.”

அவர் ஏன் என்று கேட்கவில்லை. யன்னல் வெளிச்சத்துக்குப் போய், மெதுவாக, பின்பக்கத்து முகவரி வரைக்கும் வாசித்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் சுகம்தான் தம்பி, பயப்படாதை என்று அவர் சொல்லிவிட வேண்டும் என்று மனம் கிடந்து அடித்தது. பொய்யென்றாலும் பரவாயில்லை.

“எழுத்து அம்மான்ரைதானே?”

“ஓம் அண்ணை.”

“எழுதின நேரம் சுகமா இருந்திருக்கினம்,” என்றார். கடிதத்தை மடித்த மடிப்பிலேயே மடித்து என் கையில் வைத்தார். “அவ்வளவுதான் தம்பி இதிலை கிடக்கு.”

திரும்பும் ரயிலில் ஒரு சட்டைப்பையில் பிரெஞ்சுப் பத்திரிகைத் துண்டு, மற்றதில் அம்மாவின் கடிதம். எந்தப் பக்கம் கையை விடுவது என்று தெரியாமல் கார் து நோர் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருக்கைகள் காலியாகத்தான் இருந்தன.