சுண்ணாம்புச் சுவரும் என் பதிலும்

எனக்கு அப்போது ஒன்பது வயது. அமெரிக்காவில் நாங்கள் குடியிருந்த ஃப்ரீமான்ட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம் காரில் போய், மலையடிவாரத்தில் ஒயினுக்குத் திராட்சை வளர்க்கும் தோட்டத்தில் ஒரு பழைய வீட்டைப் பார்த்தோம். எங்கள் குடும்பத்தில் ஒயினை முகர்ந்து பார்த்தவர்கூடக் கிடையாது. அம்மா மூன்று வாரமாக நச்சரித்ததால்தான் அப்பா கிளம்பினார். போகும் வழியில் வழக்கம்போல் எனக்கு ஞாபகப்படுத்தினார்: யார் கேட்டாலும் அம்மா வேலை பார்க்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அம்மா சென்னையில் பழைய கட்டடங்களைச் செப்பனிடும் ஆர்கிடெக்டாக இருந்தவர். அது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரியவந்தது. அப்பாவின் விசாவை ஒட்டி வந்தவர் என்பதால் இங்கே வேலை செய்ய அனுமதியில்லை. பக்கத்துத் தெரு ஆன்ட்டிக்கு ஓர் அறை கூட்டிக் கட்டச் சும்மா படம் வரைந்து கொடுத்ததற்கே அப்பா ஒரு வாரம் சரியாகத் தூங்கவில்லை. கிரீன் கார்டு வரும்வரை அம்மா கையில் பென்சிலைக் கண்டாலும் அப்பா பயந்தார்.

அந்த வீடு பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டியது. இரண்டடி கனத்துக்குக் கல்சுவர், ரெட்வுட் மர உத்தரங்கள், மாடியைச் சுற்றி மர வராந்தா. கோடையிலும் பீப்பாய்கள் குளிர்ந்திருக்க, மலைச்சரிவைக் குடைந்து நிலவறை அமைத்திருந்தார்கள். எனக்குக் கொட்டாவியாக வந்தது. அம்மாவோ யாரும் சுவரைத் தொடாதிருக்கக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டிக் கையை நீட்டிச் சுவரை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். என் மானமே போயிற்று.

"இது சுண்ணாம்புல கட்டின சுவருங்க. விரிசலை சிமென்ட் வச்சு அடைச்சிருக்காங்க. ஈரம் வெளிய வர வழியில்லாம கல்லு உதிருது பாருங்க."

"உனக்கெதுக்கு இந்த வம்பு? கைய எடு" என்றார் அப்பா.

சுற்றிக் காட்டிய வெள்ளைக்காரப் பெண்மணி அதே சுவரின் முன்தான் வந்து நின்றார். மழைக்காலந்தோறும் கல் பொடிப்பொடியாக உதிர்வதாகவும், அடுத்த மாதம் சுவர் முழுக்கவே சிமென்ட் பூசப்போவதாகவும் சொன்னார். இங்கே கட்டட வேலை தெரிந்தவர் யாராவது உண்டா என்று விளையாட்டாகக் கேட்டார். அம்மாவின் கை தோள் மட்டத்துக்கு உயர்ந்தது. "நீங்கள் ஆர்கிடெக்டா?" என்று அவர் ஆவலாகக் கேட்டார்.

அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "நோ, மை மாம் டசன்ட் வொர்க். ஷீ ஜஸ்ட் ஸ்டேஸ் ஹோம்."

'சும்மா' வீட்டில் இருக்கிறார் என்ற அந்த 'ஜஸ்ட்' அப்பா சொல்லிக்கொடுத்ததல்ல, நானாகச் சேர்த்தது. சுற்றிப் பார்க்க வந்திருந்த எல்லோரும் செல்லமாகச் சிரித்தார்கள். வீட்டிலிருக்கும் அம்மாக்களுக்குத்தான் வேலை அதிகம் என்று அந்தப் பெண்மணி ஏதோ ஆறுதல் சொல்லிவிட்டு அடுத்த அறைக்கு நடந்தார். அம்மா உயர்த்திய கையால் முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டார். அந்தச் சுவரை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு எங்கள் பின்னால் வந்தார்.

திரும்பும்போது அப்பா, "சமத்து, கரெக்டா சொன்னே" என்று எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு வாய் அம்மாவிடம் நீட்டினேன்.

"நீ சாப்பிடுடி" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீடு வரும்வரை திரும்பவே இல்லை. அம்மாவுக்குப் பல் கூசுகிறது போல என்று நினைத்து, மிச்சத்தையும் நானே தின்று தீர்த்தேன்.