குறை ஒன்றும் இல்லை என்று சொன்னவள்

பைண்டிங் கடையில் அவளுக்குக் ‘காலேஜ்’ என்று பெயர். காலேஜ் வாசலையே மிதிக்காத ஒருத்திக்கு அப்படி ஒரு பெயர் எப்படி வந்தது என்றால், கட்டிங் மெஷினில் நிற்கும் அண்ணன் வைத்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், மடிக்க வேண்டிய தாளை மடிக்காமல் தலையைச் சாய்த்துப் படித்துக்கொண்டிருந்தாள். “காலேஜு, பரீட்சை முடிஞ்சதும் சொல்லு, பேப்பர வாங்கிக்கிறேன்” என்றார் அவர். மேசையைச் சுற்றியிருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவளுடைய அம்மாவும் சிரித்தாள். அன்றோடு அவளுடைய சொந்தப் பெயரை அந்தக் கடை மறந்துபோனது.

அச்சகத்திலிருந்து பெரிய பெரிய தாள்களாக வரும். ஒரு தாளைப் பாரம் என்பார்கள். அதை மூன்று முறை மடித்தால் பதினாறு பக்கம். மடிப்பை அழுத்தி நீவ ஆளுக்கொரு பிளாஸ்டிக் பட்டை கொடுத்திருந்தார்கள். அதைக் கையில் எடுத்து, நீவி, கீழே வைப்பதற்குள் இன்னொரு பாரத்தை மடித்துவிடலாம் என்பதால் யாரும் அதைத் தொடுவதில்லை. கட்டை விரலால் ஒரே இழு. காலையிலிருந்து சாயந்தரம் வரை அந்த இழுப்புதான். அம்மா பதினைந்து வருடமாக இழுக்கிறாள். இவள் பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்து, மூன்றாவது வருடம் இழுத்துக்கொண்டிருக்கிறாள்.

பல்கலைக்கழகத்தில் சேர ஒரு பொதுத்தேர்வு உண்டு. அதற்கான கைடு புத்தகங்கள் இந்தக் கடையில்தான் பைண்டிங் ஆகின்றன. காசு கொடுத்து வாங்க முடியாத அந்தப் புத்தகத்தை அவள் மடித்தே படித்தாள். விரித்த தாளில் பக்கங்கள் வரிசையாக இருக்காது. முதல் பக்கத்துக்குப் பக்கத்தில் பதினாறாம் பக்கம் இருக்கும், பாதிப் பக்கங்கள் தலைகீழாக நிற்கும். தலைகீழ் எழுத்தை வாசிக்க அவளுக்கு ஒரு மாதம் பிடித்தது. கேள்விகள் அவள் மேசைக்கு வரும். விடைகள் கடைசிப் பாரத்தில் இருக்கும், அது அம்மாவின் மேசைக்குப் போகும்.

“அம்மா, கடைசிப் பாரம் வந்துச்சா?”

“வந்துச்சு. மை கலைஞ்சது ரெண்டு கிடக்கு. வேஸ்ட்ல போடுறதுக்கு முன்னாடி மடியில வெச்சுக்கிறேன், கத்தாத.”

இப்படித்தான் அவள் படித்தாள். கணக்குப் படிக்க வேண்டும், படித்து ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக வேண்டும். பெரிய ஆசை ஒன்றும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை வேண்டும், அவ்வளவுதான் என்று கட்டிங் அண்ணனிடம் சொன்னாள். “நாற்காலியா? நான் இருபது வருஷமா நிக்கிறேன், எனக்கு ஒரு ஸ்டூல் குடுத்தானா இந்த முதலாளி?” என்றார் அவர்.

அந்தத் தேர்வை ஒருவர் மூன்று முறைதான் எழுதலாம். முதல் முறை, தப்பான விடைக்கு மதிப்பெண் குறைப்பார்கள் என்பதே தெரியாமல் எல்லாவற்றுக்கும் விடை போட்டுவிட்டு வந்தாள். இரண்டாவது முறை மயிரிழையில் போனது. மூன்றாவது முறையும் போனால் அந்தக் கதவு அவளுக்கு மூடியதுதான்.

மூன்றாவது முறைக்குப் பதிவு செய்யப் பல்கலைக்கழகத்துக்கே நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். புதிதாகக் கைரேகை எடுக்கிறார்களாம். கடையில் வேலை மந்தமான மாதம் அது. வாரக்கணக்கில் மேசைகள் சும்மா கிடந்தன. அம்மாவும் கூடவே கிளம்பினாள்.

வரிசையில் நிற்கும்போதே அம்மா தன் கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டாள். முன்பு சிம் கார்டு வாங்கப் போன கடையில் அவள் விரல் மெஷினில் விழவே இல்லை. பத்து விரலையும் வைத்துப் பார்த்தான் கடைக்காரன். “எனக்கு ரேகையே இல்லடி. நான் கொலை பண்ணாக்கூட எவனாலயும் கண்டுபிடிக்க முடியாது. நம்ம சூப்பர்வைசர ஜாக்கிரதையா இருக்கச் சொல்லு” என்று அன்று வீடு முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். பிறகு சிம் கார்டை மகளின் விரலில்தான் வாங்கினார்கள்.

முன்னால் நின்ற பெண்கள் எல்லாம் தேய்த்த உடுப்பில், தலையில் ஒரு முடி பிசகாமல் நின்றார்கள். இவள் முறை வந்தது. கணினியிலிருந்து தலையைத் தூக்காமல் குமாஸ்தா கேட்டார்.

“கையில குறை, காயம், ரேகை சரியா விழாத பிரச்சனை ஏதாவது இருக்கா?”

“சார், நாங்க பேப்பர் மடிக்கிற...” என்று அம்மா ஆரம்பித்தாள்.

அவள் அம்மாவின் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினாள். கடை வாசலோடு அந்த மேசையும் பிசின் வாடையும் நின்றுவிட வேண்டும், இங்கேயும் கூடவே வரக் கூடாது.

“குறை ஒண்ணும் இல்ல சார்.”

குமாஸ்தா ஒரு பொத்தானைத் தட்டினார். அவள் விரலை வைத்தாள். வைத்தவுடன் பச்சை விளக்கு எரிந்தது.

“பாத்தியா?” என்றாள் அம்மாவைத் திரும்பி.

“பாத்தேன், பாத்தேன். அதுக்கு இப்படியா கிள்ளுவ? தோலே போச்சு.”

அப்புறம் சீசன் வந்தது. தேர்வு நெருங்க நெருங்க கைடுக்கு ஆர்டர் குவிந்தது. மேசை தெரியாத அளவுக்குப் பாரம் அடுக்கியிருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் அவளுடைய தங்கச்சியும் வந்து ஒரு கட்டுப் பாரத்தை முன்னால் இழுத்துவைத்துக்கொள்வாள். தேர்வு சனிக்கிழமை. அவள் சூப்பர்வைசரிடம் போய் நின்றாள்.

“சனிக்கிழமை லீவு வேணும் சார்.”

“எதுக்கு?”

“பரீட்சை.”

“நீ பரீட்சைக்குப் போயிட்டா, மத்தவங்க பரீட்சைக்கு யாரு மடிக்கிறது?” என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். “சரி, சனிக்கிழமை பங்கையும் சேத்து முன்னாடியே முடிச்சுக் குடு. முடிச்சிட்டு எங்க வேணாலும் போ.”

அவள் முடித்தாள். அந்த வாரம் முழுக்க இரண்டு ஆள் வேலையை ஒரே ஆளாகப் பார்த்தாள். சாப்பிடும் நேரத்திலும் மடித்தாள். புதன்கிழமை விரல் நுனியில் சூடு தெரிந்தது. வியாழக்கிழமை அதுவும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை தண்ணீர் டம்ளரை எடுத்தபோது அது கையில் நிற்காமல் வழுக்கியது. “தூக்கக் கலக்கம்” என்றாள் அம்மாவிடம். அவள் அப்படித்தான் நினைத்தாள். ஒரு நாள் லீவை வாங்க அவள் எதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள் என்று அந்தக் கடையில் யாருக்குமே தோன்றவில்லை. தோன்றியிருந்தால் கட்டிங் அண்ணனாவது வாயைத் திறந்திருப்பார். அவருக்கு வலது கையில் ஒரு விரல் பாதிதான் உண்டு, கைகளைப் பற்றிய பேச்சு என்றால் முதல் ஆளாக வருகிறவர்.

சனிக்கிழமை காலை அம்மா கேட்டுக்கு வெளியே மற்ற பெற்றோர்களோடு மர நிழலில் நின்றுகொண்டாள். இவள் உள்ளே போனாள். முதல் மேசையில் கையெழுத்து. இரண்டாவது மேசையில் மெஷின். அவளுக்குப் பின்னால் நின்ற பெண் கடைசி நிமிடம்வரை கைடைப் புரட்டிக்கொண்டிருந்தாள். புத்தகம் உள்ளே போகக் கூடாது என்றதும் அதை அப்படியே ஓரத்துப் பெட்டியில் எறிந்தாள். அதன் முதுகு மடங்கி விழுந்தது. இவளுக்குச் சட்டென்று கோபம் வந்தது. எறிய ஒரு நொடி போதும், மடிக்க எவ்வளவு நேரம் தெரியுமா என்று கேட்க வேண்டும் போலிருந்தது.

“விரல வைங்க,” என்றான் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த இளைஞன்.

வைத்தாள். சிவப்பு.

“துடைச்சிட்டு வைங்க.”

சிவப்பு. வேறு விரல். சிவப்பு. அவன் ஈரத்துணி கொடுத்தான். அழுத்தச் சொன்னான், அழுத்தாமல் வைக்கச் சொன்னான்.

“நெத்தில தேச்சிட்டு வைங்கக்கா, கொஞ்சம் எண்ணெப் பிடிக்கும்,” என்றாள் பின்னால் நின்றவள். தேய்த்தாள். நெற்றி வியர்வைதான் விரலில் வந்தது. மெஷினுக்கு அதுவும் பிடிக்கவில்லை.

“நீங்க ஓரமா நில்லுங்க. மேடம் வருவாங்க.”

மேடம் வந்தார். கொடுமைக்காரி இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். அவளுடைய விரலைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது.

“என்ன வேலை பாக்கிறம்மா?”

“புக் பைண்டிங் மேடம். மூஞ்சியப் பாருங்க, ஃபோட்டோவுல நான்தான்.”

“தெரியுது. ஆனா போன வருஷம் ஃபோட்டோ ஒத்துப்போகுதுன்னு விட்டுத்தான் ஆள் மாறாட்டம் நடந்துச்சு. அதுக்கப்புறம்தான் இந்த மெஷின்.” கணினியில் பார்த்தார். “ரேகை சரியா விழாதவங்கன்னா வேற வழி இருக்கு. கண்ணப் படம் எடுத்து உள்ள விடுவோம். அதப் பதிவு பண்ணும்போதே சொல்லியிருக்கணும். நீ குறை ஒண்ணும் இல்லன்னு சொல்லியிருக்க.”

“அப்ப இருந்துச்சு மேடம். ரேகை இருந்துச்சு. பச்சை எரிஞ்சுது.”

“இப்ப இல்லையே.”

“ஒரு வாரத்துல வந்துரும் மேடம். வேலை இல்லாம இருந்தா வந்துரும்.”

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலமாகக் கேட்கிறது என்று அவளுக்கே உறைத்தது. பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

“உன்ன நான் நம்புறேம்மா,” என்றார் மேடம். “ஆனா நம்புறேன்னு எழுத இங்க இடம் இல்ல.”

“அப்ப அடுத்த தடவை...”

மேடம் முதல் மேசையைப் பார்த்தார். “கையெழுத்துப் போட்டுட்டியே. போட்டா இது ஒரு தடவையாக் கணக்காகிடும். மனு எழுதிக் குடு, பாக்கலாம்.”

எல்லாம் பாரத்தின் மடிப்பு விழுகிற மாதிரி ஒவ்வொன்றாக, நேராக, அழகாக விழுந்தது. குறை இல்லை என்று சொன்ன அன்று ஒரு மடிப்பு. லீவு கேட்ட அன்று ஒன்று. இன்று கையெழுத்துப் போட்டதோடு மூன்று.

ரிப்போர்ட்டுக்கு வேண்டும் என்று மை தடவிப் பத்து விரலையும் ஒரு காகிதத்தில் பதிய வைத்தார்கள். பத்தும் கறுப்புப் பொட்டுகளாக விழுந்தன. அதில் ஒரு கோடு கிடையாது. ஹாலின் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

கேட்டுக்கு வெளியே அம்மா யாரோ ஒரு பையனின் அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். “என் பொண்ணு தலைகீழாக்கூடப் படிப்பா சார், நெசமாத்தான் சொல்றேன்.” மகளைக் கண்டதும் அவரை விட்டு ஓடி வந்தாள்.

“என்னடி அதுக்குள்ள? கையெல்லாம் என்ன மை? பேனா ஒழுகிடுச்சா?”

அது கம்ப்யூட்டரில் எழுதுகிற பரீட்சை. அம்மாவுக்கும் அது தெரியும். அவள் மகளின் கையைப் பிடித்து, புடவைத் தலைப்பால் கட்டை விரலைத் துடைத்து, உற்றுப் பார்த்தாள். வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அது அவளுடைய விரல் மாதிரியே இருந்தது.

“அன்னைக்கே நான் சொல்ல வந்தேன்ல...”

“சொல்ல வேண்டியதுதான? நான் கிள்ளினா வாய மூடிக்குவியா? என்னைக்காவது நான் சொன்னதக் கேட்டிருக்கியா நீ? அன்னைக்கு மட்டும் ஏன் கேட்ட?”

மரத்தடியில் நின்றவர்கள் எல்லாரும் வேறு பக்கம் பார்த்தார்கள். அந்தப் பையனின் அப்பா செல்போனை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். பஸ்ஸில் இரண்டு பேரும் தனித்தனி சீட்டில் உட்கார்ந்தார்கள், பக்கத்தில் இடம் இருந்தும்.

மனு கொடுத்தாள். விதிகளின்படி பரிசீலிக்க இயலாது என்று சில நாளில் பதில் வந்தது. அதில் அவளுடைய பெயரைக் கூடச் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள்.

அதற்கு முன்பே, திங்கள்கிழமை காலையில், அவள் வேலைக்குப் போய்விட்டாள். விஷயம் அவளுக்கு முன்னால் போயிருந்தது. நகக்கண்ணில் மை இன்னும் இருந்ததால், தாளில் படாமல் மடி என்று மட்டும் சூப்பர்வைசர் சொன்னார். கட்டிங் அண்ணன் மெஷினை நிறுத்திவிட்டு வந்து, தன் பாதி விரலால் மேசையைத் தட்டினார். ஏதாவது கிண்டல் சொல்வார் என்று அவள் காத்திருந்தாள்; சொன்னால் சண்டை போடலாம், சண்டை போட்டால் கொஞ்சம் ஆறும். அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, “டீ குடிக்கிறியாம்மா?” என்று கேட்டார். அன்றிலிருந்து அந்தக் கடையில் யாரும் அவளைக் காலேஜ் என்று கூப்பிடவில்லை. அத்தனை நாள் எரிச்சலூட்டிய அந்தப் பெயர் போனதுதான் அவளுக்கு எல்லாவற்றையும் விட வலித்தது.

சாயந்தரம் பள்ளிக்கூடப் பையோடு தங்கச்சி வந்தாள். வழக்கம் போல மேசையோரம் வந்து நின்று, ஒரு பாரத்தை எடுத்து மடித்து, கட்டை விரலை வைத்து இழுக்கப் போனாள்.

அவள் எட்டி அந்தக் கையில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். தாள்கள் தரையில் சிதறின. கடையே திரும்பிப் பார்த்தது.

“ஏன்க்கா அடிக்கிற? நான் என்ன பண்ணேன்?” என்று தங்கச்சி அழத் தொடங்கினாள்.

“கைய வெக்காத. இந்த மேசையில இனிமே கைய வெச்ச, ஒடிச்சிருவேன். வீட்டுக்குப் போ.”

தங்கச்சி அம்மாவைப் பார்த்தாள். அம்மா குனிந்து சிதறிய தாள்களைப் பொறுக்கினாள். சின்னவளின் பங்கான பாரங்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, மறு பாதியை மூத்தவள் பக்கம் தள்ளினாள்.