சத்தம் வராத முதல் கியர்

1993இல் எனக்குத் திண்டிவனத்தில் வேலை. அந்த ஆண்டுதான் என் முதல் வண்டியை வாங்கினேன். நூறு சிசி, கறுப்பு நிறம். மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. நின்ற இடத்தில் முதல் கியரை மிதித்தால் மட்டும் 'டொடக்' என்று கேட்கும். இரண்டாவது, மூன்றாவது கியருக்கெல்லாம் சத்தமே இருக்காது.

எங்கள் அலுவலக உதவியாளர் அந்தச் சத்தத்துக்கு ஒரு பெயர் வைத்தார், மல்லாட்டை உடைப்பது என்று. அந்தப் பக்கத்தில் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். சாயங்காலம் நான் கொட்டகையிலிருந்து வண்டியை எடுத்ததும் உள்ளே இருந்து கத்துவார்: "சார் மல்லாட்ட உடச்சிட்டாருப்பா! மணி அஞ்சே முக்கா, எல்லாரும் கெளம்புங்க!" பெண்கள் பகுதியிலிருந்தும் சிரிப்பு வரும்.

மெக்கானிக்கிடம் போனேன். "கியர் பல்லு போய் உக்கார்ற சத்தம் சார் அது. எல்லா வண்டியும்தான் போடும். வண்டி நல்லாத்தான் கீது, நீங்கதான் பேஜார் ஆவுறீங்க" என்றார். நான் நம்பவில்லை. கிளட்சை நாலைந்து முறை பிடித்துப் பிடித்து விட்டு, காலால் வண்டியைக் கொஞ்சம் உருட்டி, உருளும்போதே கியரை மெதுவாக அழுத்தும் ஒரு வழக்கத்தை நானே உண்டாக்கிக்கொண்டேன். சத்தம் பாதியாகக் குறைந்தது. விழுப்புரத்துக்கு மாற்றலாகி வந்த பிறகும், வேறு வண்டி வாங்கிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

என் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது வண்டி ஓட்டக் கேட்டாள். எங்கள் வீடு ஊருக்கு வெளியே, பைபாஸுக்கு இந்தப் பக்கம். கல்லூரி அந்தப் பக்கம். ஸ்கூட்டர் வாங்கித் தருகிறேன் என்றேன். இருக்கிற வண்டியே போதும் என்றாள். என் உருட்டும் வித்தையை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். "இன்னாப்பா, வண்டிக்குத் தாலாட்டு பாடிக்கினு இருக்க?" என்று சிரித்துவிட்டு, கிளட்சைப் பிடித்து 'டொடக்' என்று போட்டுக்கொண்டு போனாள். பத்து நாளில் என்னைவிட நன்றாக ஓட்டினாள்.

எதிர்வீட்டுக்காரர் காலையில் வாசலில் பேப்பர் படிப்பார். ஒரு நாள் அவள் கிளம்பியதும் என்னைப் பார்த்து, "இன்னா சார், பாப்பா கியர்பாக்ஸ பேத்துடும்போல கீதே. ஆம்பள வண்டி இல்லையா அது?" என்றார். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அன்று மாலை மகள் குளித்துக்கொண்டிருந்தபோது வண்டியிடம் போனேன். கிளட்ச் பிடியை ஒட்டி, விரலாலேயே திருகக்கூடிய ஒரு திருகு உண்டு. கேபிள் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதற்கானது அது. திருகிப் பார்த்தேன், சத்தம் குறைந்தது. இன்னும் திருகினேன். பிடியில் கொஞ்சம்கூட லூஸ் இல்லாமல் போனது. கியரை மிதித்தேன். சத்தமே இல்லை. இருபது வருடம் இது தெரியாமல் போயிற்றே என்று அவ்வளவு சந்தோஷம். தெருவுக்குள் ஒரு சுற்று போய் வந்தேன். மகளிடம் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் நானும் அவளோடு கிளம்பினேன். பைபாஸை அவள் எப்படிக் கடக்கிறாள் என்று ஒரு நாளாவது பார்க்க வேண்டும் என்ற பயம் எனக்கு. பின்னால் உட்கார்ந்தேன். சத்தமில்லாமல் முதல் கியர் விழுந்தது. எதிர்வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்துக்கொண்டேன்.

பைபாஸ் ஓரத்தில் நிறுத்தினாள். வலது பக்கம் தூரத்தில் ஒரு பஸ். கடந்துவிட நேரம் தாராளமாக இருந்தது. கிளட்சை விட்டு ஆக்சிலேட்டரைத் திருகினாள். எஞ்சின் அலறியது, வண்டி நகர்ந்து, பஸ் வரும் பாதையின் நடுவுக்குப் போய் இழுக்க முடியாமல் நின்றுவிட்டது. இன்னும் திருகினாள். சத்தம்தான் கூடியது. "அப்பா, போவ மாட்டேங்குதுப்பா" என்றாள். பஸ் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்தது.

நான் இறங்கினேன். அவளைத் தொடவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை. இறங்கி, வந்த பக்கமே ஓடினேன். மண்ணில் கால் பட்ட பிறகுதான் திரும்பினேன். அப்போது எனக்கும் அவளுக்கும் நடுவில் பஸ் போய்க்கொண்டிருந்தது. அதன் நீளம் முழுதும் கடக்கிற வரை எனக்குப் பிள்ளை இருக்கிறதா இல்லையா என்று தெரியாது.

பஸ் போனது. நடுத்திட்டு இடைவெளியில் வண்டியோடு நின்றிருந்தாள். இரண்டு காலும் ஊன்றியிருந்தாள்.

விழுப்புரம் மெக்கானிக் வண்டியைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார். "கேபிள யாரு சார் இப்பிடி டைட் பண்ணது? கிளட்ச் முழுசா புடிக்கவே இல்ல பாருங்க. ஒரு ஆளுன்னா சமாளிச்சிக்கினு போவும். ரெண்டு பேருன்னா ஸ்லிப்புதான் அடிக்கும்." நான்தான் என்று உடனே ஒப்புக்கொண்டேன். அது சுலபமாக இருந்தது. அவர், "நல்லகாலம், நீங்க எறங்கினீங்க. வெயிட்டு கொறஞ்சதும் வண்டி இழுத்துக்கிச்சி" என்றார். நான் தலையாட்டினேன்.

வீட்டில் மகள் தன் அம்மாவிடம் அதையே சொன்னாள். "அப்பா டக்குனு எறங்கிட்டாரும்மா. இல்லன்னா ரெண்டு பேரும் காலி." என் மனைவி அழுதுகொண்டே எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக் குடித்தேன். பிறகு சொந்தக்காரர்கள் கேட்டார்கள், எதிர்வீட்டுக்காரர் கேட்டார். "அந்த நேரத்துல மூள வேல செஞ்சிது பாருங்க சார்" என்றார். ஒவ்வொரு முறையும் அந்தப் பாராட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். பஸ் ஹாரன் கேட்டால் இப்போதும் என் கால் தானாகத் துடிக்கிறது, ஓடுவதற்கு.

மூன்று வருடம் கழித்து அவளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்று காலை அவள் அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். மகள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்று, "அன்னிக்கு பைபாஸ்ல, நான் எறங்கினது வண்டிக்காக இல்லம்மா" என்றேன்.

தோசையைத் திருப்பிப் போட்டாள். "தெரியும்பா. கண்ணாடியில பாத்துக்கினுதான இருந்தேன்."

"அப்புறம் ஏன் அம்மாகிட்ட அப்பிடிச் சொன்ன?"

"பின்ன எப்பிடிச் சொல்றது?" என்றாள். தோசையைத் தட்டில் எடுத்துப் போட்டு, "நீயும் சொல்லிக்கினு இருக்காத. தட்ட எடு, ஆறிடும்."

தட்டை எடுத்தேன். சாப்பிடவும் செய்தேன். அவள் சொன்னபடி இத்தனை வருடம் யாரிடமும் சொல்லவில்லை. நான் எது எழுதினாலும் பிழை பார்த்துக் கொடுப்பவள் என் மனைவிதான். இந்தத் தாள்களையும் அவளிடம்தான் கொடுக்க வேண்டும். அவள் இப்போது மாடியில் துணி எடுத்துக்கொண்டிருக்கிறாள்.