அண்டா கழுவ வைத்த ஜமால் காக்கா

ரூமில் கூட இருக்கும் செல்வம் போன் செய்து, "ஏலே முருகா, லீவுல ஊருக்குப் போன ஜமால் காக்கா போயிட்டாருலே. நெஞ்சு வலியாம்" என்றான். "இதென்ன, டீம்ல ஆள் மாத்துறதுக்குப் புதுத் தந்திரமா?" என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. அப்போதுதான் அது விளையாட்டில்லை என்று புரிந்தது.

குவைத்தில், மங்காஃபில் அவருடைய பக்காலா என்கிற மளிகைக் கடையில் சாமான் வாங்கிய எல்லோருக்கும் அவரைத் தெரியும். காயல்பட்டினத்துக்காரர். அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். எங்களுக்கும் அவர் அப்படியே ஆகிப்போனார். ஆனால் அவருடைய பேஸ்பால் பைத்தியம் எங்கள் ரூம்காரர்களுக்குத்தான் முழுதாகத் தெரியும். கம்பெனியில் இருந்த ஓர் அமெரிக்கர் பழக்கிவிட்டுப் போன போன் விளையாட்டு அது. அமெரிக்காவில் நிஜமாக ஆடுகிறவர்களிலிருந்து ஆளுக்கொரு டீம் பொறுக்க வேண்டும். அவர்கள் அங்கே அடித்தால் நமக்கு இங்கே புள்ளி. மாதக் கடைசியில் அடியில் கிடப்பவன் வெள்ளிக்கிழமை பிரியாணி அண்டாவைக் கழுவ வேண்டும்.

நாங்கள் புள்ளியைப் பார்த்து ஆள் எடுப்போம். காக்கா வீடியோ போட்டு ஆடுகிறவன் காலைப் பார்ப்பார். "நம்பரு போன மாசத்தச் சொல்லும். காலு வர்ற மாசத்தச் சொல்லும்" என்பார். ஒருநாள் கடையில், "இவன் முன்காலத் திறந்து வச்சிட்டான் பாரு" என்று துடைப்பத்தை மட்டையாகப் பிடித்துச் சுழற்றிக் காட்டினார். முட்டை அடுக்கு மொத்தமும் பறந்தது. குபூஸ் ரொட்டி வாங்க வந்த எகிப்துக்காரர் "கலாஸ்!", அதாவது முடிந்தது, என்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். காக்கா தன் காலைக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "சுத்து சரிதான். நின்ன இடந்தான் தப்பு."

இதனால் அவர் ஜெயித்துக் கிழித்தார் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் அண்டா அவருக்குத்தான். கடைசியாக அவர் எடுத்தவன், அதுவரை நிமிர்ந்து நின்று ஆடிவிட்டு, திடீரென்று காலை அகட்டி முட்டியை மடக்கி நிற்கத் தொடங்கிய ஒருவன். மாறிய நாளிலிருந்து அவன் மட்டையில் பந்தே படவில்லை.

"அவனத் தூக்கிப் போடுங்க காக்கா" என்றேன்.

"புதுச் செருப்பு கடிக்கும்ல? அதுக்காகக் கழட்டி எறிஞ்சிருவியா? பழகட்டும்லே" என்றார், அண்டாவைத் தேய்த்துக்கொண்டே. "நீயும் இப்படி முட்டிய மடக்கி நின்னு கழுவிப் பாரு. இடுப்பு வலிக்காது."

லீவுக்குப் போகும்போது தன் டீமை என்னிடம் ஒப்படைத்தார். "அவன மட்டும் தூக்கிராத."

அவர் இறந்த செய்தி வந்த பிறகு, அவர் டீமைக் கலைத்துவிடலாம் என்றான் செல்வம். கூடாது என்றேன்.

"பாசம் பொங்குதோ? அவரு கடைசி, நீ அவருக்கு மேல. அவரு டீம் போச்சுன்னா அண்டா உனக்கு. அதானே?"

அது பாதி உண்மை. மீதிப் பாதி, காக்கா 'தூக்கிராத' என்று சொல்லிவிட்டுப் போனது.

டீம் இருந்தது. அவனும் இருந்தான். மாதத்தின் கடைசி வாரம் அந்த மடக்குமுட்டிக்காரன் அடிக்கத் தொடங்கினான் பாருங்கள், ஆட்டத்துக்கு ஆட்டம் பந்து வேலி தாண்டிப் போனது. கூடவே காக்காவும் புள்ளியில் என்னைத் தாண்டிப் போய்விட்டார். கடைசி நான், அண்டாவும் எனக்கு.

எனக்கென்று அவர் விட்டுப்போனது அந்த நிற்கிற விதம்தான். இந்த வெள்ளிக்கிழமை முன்காலைத் திறந்து, முட்டியை மடக்கி, அண்டா கழுவினேன். கேலி செய்ய வந்த செல்வம் வாசலில் நின்று பார்த்துவிட்டு, வந்து தண்ணீர் ஊற்றினான்.

இடுப்பு வலிக்கவில்லை, காக்கா.